இரண்டாவது அளவு

மெதுவா சாருக்கு வரவேண்டிய மரியாதையும் மெதுவாகத்தான் வந்தது. எழுபத்தெட்டு வயதில், காதில் மிஷினும் கண்ணில் புதிதாக வைத்த லென்ஸுமாக அவர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆராய்ச்சி நிலையத்தின் கார் எங்கள் குடியிருப்புக்குள் நுழைந்தது. மூன்று நாளாக விடாத தூறல். இந்தத் தூறலில் துணி எப்படிக் காயும் என்று அவரிடம் கேட்கக் கூடாது. ஒரு துண்டைக் கொடியில் போட்டு, நீவி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி நீவி, அப்புறம்தான் கிளிப்பைக் குத்துவார். ஆய்வகத்தில் யார் எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே வருவார். அந்தப் பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான் கீழ் வீடு. அதே நிலையத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஹீலியம் பிளாண்ட் ஓட்டியவன். ஹீலியம் வாயுவை அமுக்கிக் குளிரவைத்துத் திரவமாக்கி, டிவார் என்று நாங்கள் சொல்லும் இடுப்பளவு உயர பிளாஸ்க்குகளில் பிடித்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது என் வேலை. கேஸ் அண்ணன் என்றால்தான் என்னைத் தெரியும். சொந்தப் பேரைச் சொன்னால் என் வீட்டுக்காரியே ஒரு நொடி யோசிப்பாள்.

மேல் வீட்டில் மூன்று பேர். சார், அவர் மனைவி, மனைவியின் தங்கை. மனைவியை நான் அக்கா என்பேன். முப்பது வருஷம் மருந்துக்கடை கவுன்டரில் நின்று நின்று முழங்கால் இரண்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர். தங்கை, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவர். குடியிருப்பு முழுக்க அவருக்கு டீச்சர் என்றே பேர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது பதினைந்து நாள் உதவிக்கு என்று ஒரு சூட்கேஸோடு வந்தார். வந்து ஆறு வருஷம் ஆகிறது, சூட்கேஸ் மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் டீச்சர் மூன்று வருஷம் சாரின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார் என்பது குடியிருப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பு எங்கே, மாத்திரை போட்டாச்சா, கரன்ட் பில் வந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

காரிலிருந்து இறங்கியவர் புது இயக்குநர். எனக்கு மகன் வயசு. அவர் கையில் நீளமான பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு வழிகாட்டுகிற சாக்கில் கூடவே மேலே ஏறினேன். சும்மா சொல்லக் கூடாது, பிறத்தியார் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்கு வயசு ஏற ஏறக் கூடிக்கொண்டுதான் போகிறது.

"சார், பழைய பில்டிங்கை இடிக்கப் போறோம். உங்க ரூம் அலமாரியைக் காலி பண்ணும்போது இது கெடைச்சுது," என்று இயக்குநர் குழாயைத் திறந்து ஒரு காகிதச் சுருளை மேஜைமேல் விரித்தார். டீச்சர் அங்கே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி இடம் கொடுத்தார்.

மஞ்சளாகிப்போன கட்டம் போட்ட தாள். அதில் நீல மையில் ஒரு கோடு, வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து வந்து, ஓர் இடத்தில் சட்டென்று தரைக்கு விழுந்து, அப்புறம் தரையோடு தரையாக ஓடியது. அந்தத் தாளை எனக்குத் தெரியும்.

"தேதியைப் பாருங்க சார்," என்றார் இயக்குநர். "அந்தப் பெரிய குழு பேப்பர் போட்டு உலகமே அவங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடிச்சே, அதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி. அதே பொருள். அதே வெப்பநிலை. நம்ம நிலையத்துல, நீங்க முதல்ல பாத்திருக்கீங்க! இது வெளிய தெரியவே இல்லையே சார்!"

அக்கா சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு வந்து நின்றார். "என்னங்க சொல்றாரு இவரு?"

சார் மிஷினைச் சரிசெய்துகொண்டார்.

"அடுத்த மாசம் நிலையத்தோட ஐம்பதாவது வருஷ விழா. இதை பிரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறோம். முதலில் கண்டவர்னு உங்க பேரோட. நீங்க நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும் சார். இந்த அளவு என்னுடையது, இது மீக்கடத்தல்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன், வெளியிடத் தாமதமாயிடுச்சு, அவ்வளவுதான்."

தாளின் ஓரத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. நீலத்தில் சின்னச் சின்ன எழுத்தாக: 'இறங்கும்போதும் ஏறும்போதும் அதே இடம். மறுபடி பார்க்க வேண்டும்.' அதன் குறுக்கே சிவப்பில்: 'கம்பி தொட்டிருக்கிறது. தள்ளுபடி.' கீழே சாரின் கையெழுத்து.

இயக்குநர் அதைப் பார்க்காதவர் இல்லை. "ஓரம் பிரேமுக்கு உள்ள போயிடும் சார்," என்றார், மெல்ல.

டீச்சர் பட்டாணிக் கையோடு அந்த நீல எழுத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதற்கு மேல் கதை விளங்க வேண்டுமானால், கோடு தரைக்கு விழுந்த அந்தப் பூஜ்யத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சில பொருள்களைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மின்சாரத்துக்கு அவை காட்டுகிற தடை அப்படியே மறைந்துவிடும். குறைவது இல்லை, பூஜ்யம். அதுதான் மீக்கடத்தி. எவ்வளவு குறைந்த குளிரில் அது நடக்கிறதோ அவ்வளவு விசேஷம். அன்றைக்கு உலகம் முழுக்கப் போட்டி அதில்தான். ஆக்சைடு பொடிகளைக் கல்வத்தில் அரைத்து, அழுத்தி, ஒரு பொத்தான் அளவுக்கு வில்லை தட்டி, உலையில் சுடுவார்கள். சுட்ட வில்லைமேல் முடி போன்ற நாலு கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவார்கள். இரண்டில் கரன்ட் போகும். மற்ற இரண்டில் அளவு. பிறகு என் ஹீலியத்தில் இறக்குவார்கள். பேனா காகிதத்தில் கோடு போடும்.

இதில் ஒரு வம்பு உண்டு. அளவுக் கம்பி இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டாலும் காகிதத்தில் பூஜ்யம்தான் விழும். ஆயுசு முழுக்கத் தேடுகிற பொருளும் வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிற கோளாறும் கோட்டில் பார்த்தால் அச்சு அசல் ஒன்று. அதனால் பூஜ்யத்தைப் பார்த்ததும் எவரும் குதிக்க மாட்டார்கள். முதலில் கம்பியைத்தான் திட்டுவார்கள். மெதுவா சாரும் அதில் கறார். மூன்று வில்லை, மூன்று அளவு, மூன்றிலும் ஒன்றாக வந்தால்தான் வாயைத் திறப்பார். அதற்குள் வேறு யாராவது பேப்பர் போட்டுவிடுவார்கள், அது வேறு விஷயம்.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அந்தத் தாளில் கோடு விழுந்த வாரம், வியாழக்கிழமை மத்தியானம் கரன்ட் போய்விட்டது. வில்லையைச் சுட்டு முடித்ததும் சூட்டோடு இடுக்கியால் வெளியே எடுத்து ஆறவைப்பதுதான் ஆய்வக வழக்கம். அன்றைக்குத் திறக்க வேண்டாம், கரன்ட் வந்ததும் திரும்பச் சுடலாம் என்று உலையை மூடியே வைத்திருந்தார்கள். கரன்ட் வரவில்லை. வில்லை உள்ளேயே கிடந்து, தானாக, இஷ்டத்துக்கு ஆறியது. கெட்டுப்போன வில்லை என்று வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். டீச்சருக்கு அப்போது இருபத்துநாலு வயசு, எதையும் தூக்கிப் போட மனசு வராத சுபாவம். வெள்ளிக்கிழமை அதற்குக் கம்பி ஒட்டி இறக்கினார்.

ஊற்றுக்குழாயைத் திரும்ப எடுத்துப்போக நான் போனபோது உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"கம்பி தொட்டிருக்கும்மா. இவ்வளவு மேல் வெப்பநிலையில எல்லாம் பூஜ்யம் வராது. சாத்தியமே இல்ல."

"அத்தான், திரும்ப சூடேத்தினேன். அதே இடத்துல திரும்ப ஏறிச்சு. தொட்ட கம்பி தானா வெலகுமா?"

"வெலகும். குளிர்ல சுருங்கித் தொடும், சூட்டுல நீண்டு வெலகும். எத்தனை தடவை பாத்திருக்கேன். லேப்ல அத்தான்னு கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கேன்ல."

"சரி சார். அப்ப இதே கம்பியோட, இப்படியே, இன்னொரு தடவை இறக்கிப் பாத்துடலாம் சார். ஒரு மணி நேரம்."

"கெட்டுப்போன வில்லை அது. ஒழுங்கா சுட்டதும் இல்ல. அதுக்கு ரெண்டு தடவை ஹீலியம் செலவழிச்சேன்னு சொன்னா சிரிப்பாங்க. அதுவும் மச்சினி சொன்னதைக் கேட்டுன்னு சொல்லிச் சிரிப்பாங்க." சிவப்புப் பேனாவை எடுத்து எழுதிவிட்டு அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

மணி நாலு இருக்கும், டீச்சர் பிளாண்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறார்.

"கேஸ் அண்ணா, ரெண்டு லிட்டர் குடுங்க. சார்கிட்ட நான் திட்டு வாங்கிக்கிறேன்."

டிவாரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் குச்சிக்குழாய் உண்டு. அதன் தலையில் ரப்பர் சவ்வு. குழாயை உள்ளே விட்டுக் கட்டைவிரலைச் சவ்வின்மேல் வைத்தால் அதிர்வு தெரியும். திரவத்துக்குள் இருந்தால் ஒரு மாதிரி, மேலே வந்துவிட்டால் வேறு மாதிரி. நான் குழாயை விட்டேன், கட்டைவிரலை வைத்தேன்.

"காலிம்மா. திங்கக்கிழமைதான்," என்றேன்.

காலி இல்லை. ஒரு முழம் இருந்தது. என் கட்டைவிரலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஊற்ற ஆரம்பித்தால் குழாயில் பனி பிடித்து, அதைத் துடைத்து, வால்வைத் திருப்பி, ஆறரை ஆகிவிடும். அன்றைக்கு நானும் வீட்டுக்காரியும் ஆறு மணி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தோம். கல்யாணமான புதுசு. அந்தப் படத்தின் கதை இன்று எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை, டீச்சர் வருவதற்குள், சார் தன் கையாலேயே பழைய கம்பிகளை அடுத்த வில்லைக்காகப் பிளேடால் சுரண்டினார். மெதுவாகத்தான் சுரண்டியிருப்பார். வில்லை இரண்டாக உடைந்துவிட்டது. பிறகு புதிது புதிதாகச் சுட்டார்கள். ஒழுங்காக, வழக்கப்படி, சூட்டோடு வெளியே எடுத்து. எதிலும் ஒன்றும் வரவில்லை. பார்த்தாயா என்றார் சார். அஞ்சு வாரம் கழித்து வேறொரு நாட்டுக் குழு அறிவித்தது. உலைக்குள்ளேயே நிதானமாக ஆறவிட வேண்டும், அதுதான் ரகசியம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு சார் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் இன்னும் ஒரு மாசம் வந்தார், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் மேஜையைத் துடைத்தார், நின்றுவிட்டார்.

சார் மட்டும் தொடர்ந்தார். அடுத்தவர்கள் கண்டுபிடித்ததை இன்னும் துல்லியமாக அளந்து முப்பது பேப்பர் போட்டார். நல்ல பேப்பர்கள் என்பார்கள். யாருடைய பேப்பரிலாவது கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் அவர் பேர் இருக்கும்.

இயக்குநர் போன அன்று மாலையே மேல் வீட்டில் சத்தம் ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்தில் சுவர் பேருக்குத்தான். வீட்டுக்காரி டீவியைக் குறைத்தாள். அவளுக்கும் என்னை மாதிரியே மூக்கு.

"நாலு வரிங்க! நாலு வரி எழுத என்ன கேடு?" அக்காவின் குரல். "முப்பது வருஷம் கவுன்டர்ல நின்னேன். உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேப்பாங்க. அளக்கிறாருன்னு சொல்லுவேன். என்னத்தை அளக்கிறாரு, துணியான்னு சிரிப்பாங்க. ஒரே ஒரு நாள், ஒரு சுவத்துல, உங்க பேரு இருக்கட்டுமே! இப்ப யாரு குடி முழுகிப் போகுது?"

சார் ஏதோ முனகினார்.

"அவளா? அவளையே கேளுங்க. ஏய், நீயே சொல்லுடி. உனக்கு ஏதாவது இருக்கா?"

"எனக்கென்னக்கா இருக்கு," என்றார் டீச்சர். "அத்தான் போட்டுக்கட்டும். பட்டாணி வெந்துடுச்சு, சாப்பிட வாங்க."

மறுநாள் காலை சார் கீழே இறங்கி என் வீட்டுக்கு வந்தார். நான் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். நாற்காலியை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி சரியா தூங்கல," என்றார். "எழுதிப் பாத்தேன். 'இது மீக்கடத்தல்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்.' இந்த வரி எழுத வரமாட்டேங்குது."

"வேற மாதிரி எழுதுங்க சார். சந்தேகப்பட்டேன்னு எழுதுங்க."

"சந்தேகம்கூடப் படலையே நான். அதான் பிரச்சனை. சந்தேகம் பட்டது அவ." தேநீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "எனக்கு ஆசை இல்லன்னு நெனைக்காதீங்க. ரொம்ப ஆசையா இருக்கு. வெக்கமா இருக்கு சொல்ல, ஆனா ஆசையா இருக்கு. இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறேன்? ஓரம் பிரேமுக்குள்ள போயிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அவ உங்ககிட்ட வந்தாளா? கேஸ் கேட்டு?"

"வந்தாங்க சார்."

"நீங்க குடுத்திருந்தா..."

"டிவார் காலி சார் அன்னைக்கு," என்றேன். நாற்பத்தொரு வருஷம் கழித்து அதே பொய். சூடுகூட ஆறாமல் வாயிலிருந்து வந்தது. சார் தலையாட்டினார். என்னை நம்பினார். எதையும் மூன்று தடவை பார்க்கிற மனுஷர், என் விஷயத்தில் ஒரு தடவையோடு விட்டுவிட்டார்.

"மேல வாங்க. நீங்களும் இருங்க," என்றார். "தனியா கேக்கத் தைரியம் இல்ல."

மேலே டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, புருஷனோடு பேசுவதில்லை என்கிற முகத்தோடு இருந்தார். சார் நாற்காலியை இழுத்து டீச்சர் எதிரில் போட்டார்.

"ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட."

"கேளுங்க அத்தான்."

"அன்னைக்கு உனக்கு நிச்சயமா தெரியுமா? அது நிஜம்னு?"

டீச்சர் ஊசியை உறையில் குத்தி வைத்தார். அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று சார் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆமாம் என்றால் இது ஒரு வழக்காகிவிடும். அவளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை, போட்டியில் நான் தோற்றேன் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

"தெரியாது," என்றார் டீச்சர். "எனக்கு எப்படித் தெரியும்? கம்பி தொட்டும் இருக்கலாம். நீங்க சொன்னதும் நியாயமாத்தான் இருந்துச்சு. தெரியலைங்கறதாலதானே அத்தான் இன்னொரு தடவை பாக்கலாம்னு கேட்டேன்? தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கப் போறேன், சண்டை போட்டிருப்பேன்."

டீச்சர் ஊசியை மறுபடி கையில் எடுத்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான். மூணு தடவை பாருன்னு. நான் ரெண்டாவதுதான் கேட்டேன்."

அக்கா எண்ணெய்ப் புட்டியை மூடினார். சார் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார். அவர் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சத்தமில்லை, தோள் குலுங்கலில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"அந்தக் குழு ஜெயிச்சது ஏன் தெரியுமா?" டீச்சர் கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "அவங்க புத்திசாலிங்கறதால இல்ல. அவங்களுக்கும் மொதல்ல தப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது தடவை பாத்தாங்க. கண்டுபிடிச்சது அவங்கதான். நீங்களும் இல்ல, நானும் இல்ல. அந்தத் தாளை மாட்டினா பொய்தான் அத்தான், யாரு பேரைப் போட்டாலும்."

அக்கா சுவரைப் பார்த்தபடி, "அப்ப போடாதீங்க," என்றார். "என்னவோ பண்ணுங்க. எனக்கு ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதான்."

சார் கடிதம் எழுத நாலு நாள் எடுத்துக்கொண்டார். இந்த அளவு என்னுடையது அல்ல, என் மாணவியுடையது, அதை நான் தள்ளுபடி செய்தேன், ஆகவே இந்தத் தாளை மாட்ட வேண்டாம் என்று எழுதி, மூன்று பிரதி எடுத்து, என்னைத்தான் போஸ்ட் பண்ணச் சொன்னார். இயக்குநர் போன் பண்ணினார். அவருக்கும் பாவம், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, விருந்தாளிகளைக் கூப்பிட்டாகிவிட்டது. தாள் வேண்டாமென்றால் வேண்டாம் சார், உங்களைப் பாராட்டுவது மாறாது, காரணத்தை மட்டும் மாற்றிவிடுகிறோம் என்றார். என்ன காரணம் என்று சார் கேட்கவில்லை. போன் அவர் மிஷினில் சரியாகவும் கேட்காது.

விழா அன்று சார் பழைய கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தோளில் இரண்டு விரல் தொளதொளத்தது. ஹாலில் இருநூறு பேர் இருக்கும். அக்கா, டீச்சர், நான் மூவரும் இரண்டாவது வரிசை. குளிர்சாதனம் அதிகமாக இருந்ததால் அக்கா டீச்சரின் சால்வையையும் வாங்கிப் போர்த்திக்கொண்டார். பின்னால் யாரோ சிற்றுண்டிப் பெட்டியைத் திறக்கிற வாசனை வந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்கு நாம பாராட்டப்போறவர் அவசரம்னா என்னன்னே தெரியாதவர். அளவெடுக்கிறதுல எச்சரிக்கைன்னா இவர்தான். ஒரு தடவை கண்டதை நம்பவே மாட்டார். புகழ் வாசல்ல வந்து நின்னப்பகூட, சந்தேகம் இருக்குன்னு கதவைத் திறக்காதவர்! இந்தக் காலத்துப் பிள்ளைங்க இவர்கிட்ட கத்துக்கணும்."

விருதுப் பலகையில் அப்படியே செதுக்கியிருந்தது: 'எச்சரிக்கை மிக்க அளவீட்டுக்காக.' ஹால் கைதட்டியது. என் பக்கத்தில் டீச்சர் மடியில் கை வைத்தபடி இருந்தார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் எந்த ஒன்று அவரை வீட்டுக்கு அனுப்பியதோ, அதையே பளபளவென்று தேய்த்து மேடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சார் மைக்குக்கு வந்தார். பேசவேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பையிலேயே விட்டுவிட்டார்.

"எச்சரிக்கைன்னு சொன்னாங்க," என்றார். "அன்னைக்கு நான் அளக்கவே இல்ல. என் மாணவி அளந்தாங்க. சரியா அளந்தாங்க. இன்னொரு தடவை பாக்கலாம் சார்னு கேட்டாங்க. நான் வேண்டாம்னு சிவப்புல எழுதினேன். அது எச்சரிக்கை இல்லீங்க. பயம். நாலு பேரு சிரிப்பாங்களேன்னு பயம். அந்தப் பொண்ணு படிப்பையே விட்டுட்டுப் போயிட்டாங்க. அதோ, ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு நான் பண்ணினது பெரிய தப்பு."

பிறகு எங்கிருந்தோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். முன்னைவிடப் பலமாக. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். எங்கள் முன்வரிசைக்காரர் திரும்பி டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்து, "எவ்வளவு அடக்கமான மனுஷர்!" என்றார்.

"இதுதாங்க பெரியவங்க குணம்," இயக்குநர் கண் கலங்கி மைக்கை வாங்கினார். நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியிருந்தார். "தன் பெருமையைத் தன் மாணவிக்குக் குடுக்கிறாரு பாருங்க. அவங்க சாரோட குடும்பம்கூட. குடும்பத்தோட ஒத்துழைப்பு இல்லாம எந்த விஞ்ஞானியும் ஜெயிக்க முடியாது. ரெண்டு பேரும் மேடைக்கு வாங்கம்மா, ஒரு போட்டோ."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைக் அவர் கையில் இல்லை. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார், டீச்சர் கை கொடுத்து ஏற்றினார். அந்தப் போட்டோ பிறகு வந்தது. நடுவில் சாரும் பலகையும், ஒரு பக்கம் இயக்குநர், மறுபக்கம் அக்கா. ஓரத்தில் டீச்சர், அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

குடியிருப்பு பக்கம்தான், நடந்தே திரும்பினோம். வெயில் தாழ்ந்து வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பலகையை யார் தூக்குவது என்ற பேச்சில் அது என் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடியும் மரமுமாக நல்ல கனம்.

"யாருக்கும் புரியல இல்ல?" என்றார் சார்.

"எப்படிப் புரியும்?" என்றார் அக்கா. "மாலை மரியாதைன்னு நிக்கவச்சு, நான் தப்புப் பண்ணினேன்னு சொன்னா, யாரு நம்புவா?"

சார் நின்றார். "உனக்கு?" என்று டீச்சரைப் பார்த்தார்.

"எனக்குப் புரிஞ்சுது அத்தான்," என்றார் டீச்சர். கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் மீதியைச் சொன்னார். "ஆனா இது இருநூறு பேரு முன்னாடி சொல்ற விஷயமே இல்ல. அந்த வெள்ளிக்கிழமை, லேப்ல, என்கிட்ட மட்டும், 'இருக்கலாம்மா, திங்கக்கிழமை திரும்பப் பாப்போம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்."

சார் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் முன்னால் போக, நானும் டீச்சரும் பின்தங்கினோம். பலகை என் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தெருவில் வேறு யாரும் இல்லை, இரண்டு வார்த்தைதான், மேடையில் ஒரு கிழவர் சொல்லிக் காட்டிவிட்டார், எனக்கு என்ன வந்தது?

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஏண்ணா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வர்றீங்க? அன்னைக்குக் கேஸ் இல்லாமப் போச்சேன்னா? அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, காலின்னா காலிதானே. ஒரு லிட்டர் இருந்திருந்தாக்கூட குடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

"குடுத்திருப்பேம்மா," என்றேன்.